விதியும் ஒழுக்கமும்

'எதிக்ஸ்', 'மொறல்ஸ்', 'கோட் ஒவ் கொண்டக்ட்' என்னும் ஆங்கிலச் சொற்கள் மூன்றையும் நம் மாணவர் பலர் 'ஒழுக்கம்' என்றே பெயர்த்துவிடுகின்றனர். மூன்றும் ஒன்றல்ல.

இயல்பு, பழக்கம் எனப் பொருள்படும் 'எதொஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது முதலாவது. அதனை இலத்தீனில் தர விரும்பிய சிசரோ, வழக்கத்தைக் குறிக்கும் 'மோரெஸ்' என்பதிலிருந்து 'மொராலிஸ்' என்ற சொல்லைக் கி.மு. 44இல் ஆக்கினார். ஆகவே அவ்விரண்டும் உடன்பிறப்புக்கள். இன்றோ, நன்மை தீமைபற்றிய ஒருவரது உணர்வு 'மொறல்ஸ்' எனவும், அதனை ஆராயும் துறை 'எதிக்ஸ்' எனவும் பெரிதும் வழங்கும். 'கோட்' என்பது எழுதும் மரப்பலகையைச் சுட்டிய 'கோடெக்ஸ்' தந்த சொல். எழுதிவைத்த விதியே அது.

தமிழில் 'ஒழுகு' என்னும் அடி, நீர்க்கும் நடத்தைக்கும் பொதுவானது. பரந்தன் வயல்களை நோக்குக. இரணைமடு நீரை எத்தனை ஏக்கருக்கு, எந்நாளில் விடுவதெனச் சிறுபோகத்துக்கு முன் கூடி முடிவு செய்கின்றனர். அது விதி. காண்பார் இல்லாத இரவிலும், கடைக்கோடி வயலை எண்ணி, முறை தவறி வாய்க்காலை மறியாதிருத்தல் ஒழுக்கம்.

நம் அலுவலகத் தமிழில் விதித்தொகுப்பே 'ஒழுக்கக்கோவை' எனப்படுகிறது. இவ்வழக்கு வேரூன்றினால், விதியில் எழுதாத தீங்கெல்லாம் தீங்கன்று என்றாகிவிடும். அதனை 'நடத்தை விதிகள்' என்போம். 'எதிக்ஸ்' அறவியல் ஆகட்டும். ஒழுக்கம் என்ற சொல், வாழ்ந்து காட்டுவதற்கே உரியதாய் நிற்கட்டும்.