தறி நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தமா? நுழைவுத்தேர்வு கேள்விகளைப் பிரித்துப் பார்ப்போம், வாங்க!

ஒரு கேள்வி. பத்து விநாடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ஊடை நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். இப்போது தறி நின்றிருக்கிறது. ஆகவே, ஊடை நூல் அறுந்திருக்கிறது.’ இந்த முடிவு சரியா, தவறா?

‘சரி’ என்று சொல்லியிருந்தால், பள்ளிபாளையத்தில் ஏதாவது ஒரு தறிப்பட்டறைக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள். தறி ஓட்டுகிறவர் சிரித்துவிடுவார். கரண்ட் போனாலும் தறி நிற்கும். பெல்ட் கழன்றாலும் நிற்கும். டீ குடிக்கப் போகும்போது அவரே நிறுத்தியும் இருக்கலாம். நூல் அறுந்தால் தறி நிற்கும் என்பது உண்மை. தறி நின்றால் நூல்தான் அறுந்தது என்பது வேறு கதை.

சட்டப் படிப்புக்கான கிளாட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், எம்.பி.ஏ சேர்க்கைக்கான டான்செட் என எல்லா நுழைவுத்தேர்வுகளிலும் இந்த ஒரே பொறி வேறு வேறு உடை போட்டுக்கொண்டு வருகிறது. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குப் பட்டறையில் தெரிகிற விடை, ஆங்கிலத்தில் அச்சடித்த கேள்வித்தாளில் ஏன் தெரியாமல் போகிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மார்க் மாவட்டம்!

காவிரிக்கு இந்தக் கரையில் பள்ளிபாளையம், அந்தக் கரையில் ஈரோடு. பாலத்தைத் தாண்டினால் மாவட்டமே மாறிவிடும். பள்ளிபாளையம் இருக்கும் நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் கோழிக்கும் மட்டும் பெயர்பெற்றதல்ல, ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கும்தான். ‘பிராய்லர் பள்ளிகள்’ என்ற கிண்டல் பெயர் இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு வந்தது சும்மா இல்லை. விடிகாலையில் எழுப்பி, புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வைத்து மார்க் எடுக்க வைக்கும் முறை அது. அதைக் குறை சொல்வது சுலபம். ஆனால், தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 2006-ல் வந்த சட்டத்தால் நீங்கிய பிறகு, இன்ஜினீயரிங்கோ மருத்துவமோ ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம் என்று இருந்தது. அந்த ஆட்டத்துக்கு அந்த முறை பலன் கொடுத்தது. பல முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அப்படித்தான் வந்தார்கள்.

இப்போது ஆட்டம் மாறியிருக்கிறது. மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் இன்றும் ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். ஆனால், திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் எழுதியாக வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு க்யூட். தறி ஊரில் வளர்ந்து துணி டிசைன் படிக்க ஆசைப்பட்டால் நிஃப்ட் தேர்விலும் பகுத்தறியும் திறனுக்குத் தனிப் பகுதி உண்டு. இவற்றில் வரும் லாஜிக்கல் ரீசனிங் பகுதிக்கு மனப்பாடம் செய்யப் புத்தகமே கிடையாது. கேள்விக்குள்ளேயே விடை இருக்கும். நாம் வெளியே தேடுவோம்!

சேலை கேள்வி

அடுத்தது இது. ‘எல்லாச் சேலைகளும் துணிகள். சில துணிகள் பருத்தி. ஆகவே, சில சேலைகள் பருத்தி.’

பெரும்பாலோர் ‘சரி’ என்று டிக் போட்டுவிடுவார்கள். பருத்திச் சேலை உலகத்தில் இல்லையா என்ன? அம்மா கட்டியிருப்பதே அதுதானே! ஆனால், விடை ‘தவறு’. பருத்தியாக இருக்கும் அந்தச் ‘சில துணிகள்’ வெறும் துண்டுகளாகவும் லுங்கிகளாகவும் மட்டுமே இருந்தால்? கொடுத்த இரண்டு வாக்கியமும் உண்மையாகவே இருக்கும், முடிவு மட்டும் விழுந்துவிடும். தேர்வு கேட்பது ‘உலகத்தில் பருத்திச் சேலை உண்டா’ என்பதை அல்ல. ‘இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு உன்னால் அப்படிச் சொல்ல முடியுமா’ என்பதைத்தான். நமக்குத் தெரிந்ததே நம்மைக் கவிழ்க்கும் இடம் இது. அதனால் பழகும்போது சேலை, துணி என்ற சொற்களை எடுத்துவிட்டு க, ச, த என்று எழுத்துகளைப் போட்டு வட்டம் வரைந்து பாருங்கள். மயக்கம் தெளிந்துவிடும்.

இந்த விளையாட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று தர்க்கத்தைப் பாடமாகவே நடத்துகிறார். எது சரியான காரணம், எது காரணம்போல வேஷம் போடும் போலி என்றும் பிரித்துக் காட்டுகிறார். அதற்கு முன்பு 27-வது காதையில், ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று ஊகிப்பது ஒரு வகை அனுமானமாக வருகிறது. அந்த உதாரணத்தை பள்ளிபாளையத்துக்குக் கொண்டுவந்தால் சுவாரஸ்யம். இங்கே காவிரியில் தண்ணீர் கூடினால் மழைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மேலே மேட்டூர் அணை இருக்கிறது. 1934-லிருந்து மதகு திறந்தாலும் ஆறு பெருகும். தறி நின்ற கதையேதான்!

எதிலிருந்து தொடங்குவது?

வரிசைப்படுத்தும் கேள்விகளில் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஒரு பட்டறையில் நான்கு தறிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. வேட்டி, துண்டு, லுங்கி, சேலை என்று ஒவ்வொன்றிலும் ஒன்று ஓடுகிறது. லுங்கித் தறி ஓரத்தில் இல்லை. வேட்டித் தறிக்கு வலப்பக்கம் அடுத்ததாகத் துண்டுத் தறி. சேலைத் தறி இடது ஓரம். துண்டு எங்கே?

முதல் குறிப்பிலிருந்து தொடங்கினால் அலைச்சல்தான். கடைசியாகச் சொன்ன சேலைதான் அசையாத ஆணி. அதை முதல் இடத்தில் அடித்துவிடுங்கள். வேட்டியும் துண்டும் ஜோடி. 2, 3-ல் போட்டால் லுங்கி நான்காவது இடத்துக்கு, அதாவது ஓரத்துக்குப் போய்விடும், அது கூடாது. ஆக, ஜோடி 3, 4-ல். துண்டு வலது ஓரம். அரை நிமிடம்கூட ஆகாது.

தமிழ் கைகொடுக்கும் இலக்கணம்

ஆங்கில இலக்கணக் கேள்விகளைக் கண்டு தமிழ் மீடியம் பிள்ளைகள் பயப்படுவது நியாயம்தான். கிளாட்டில் 2020-லிருந்து எல்லாமே பத்தி கொடுத்துக் கேட்கும் கேள்விகளாகிவிட்டன. டான்செட் எம்.பி.ஏ தாளில் வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் நேரடியாகவே உண்டு. ‘தமிழிலேயே யோசிக்கிறாய், அதனால்தான் தப்பு வருகிறது’ என்று டியூஷனில் திட்டுவார்கள். பாதிதான் உண்மை. சில இடங்களில் தமிழ் உங்களைக் காப்பாற்றும்.

‘சின்ஸ்’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா என்ற குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘2022-லிருந்து இங்கே இருக்கிறோம்’, ‘ரெண்டு வருஷமா இங்கே இருக்கிறோம்’. முதலாவது தொடங்கிய புள்ளி, இரண்டாவது கால அளவு. தமிழில் ‘இருந்து’ வரும் இடத்தில் சின்ஸ், ‘வருஷமா, நாளா’ என்று வரும் இடத்தில் ஃபார். இவ்வளவுதான்! அதேபோல ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ வந்தால் ‘லிவ்’வா ‘லிவ்ஸ்’ஸா? ‘என் நண்பர்களில் ஒருவர் ஈரோட்டில் இருக்கிறார்’ என்று சொல்லிப் பாருங்கள். நண்பர்கள் பன்மை, வினை அந்த ஒருவருக்கு. ஆங்கிலத்திலும் அதேதான், லிவ்ஸ்.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. பேச்சில் நாம் ‘தறி ஓடுது’ என்போம், ‘தறியெல்லாம் ஓடுது’ என்றும் சொல்வோம். அஃறிணைக்கு ஒருமை, பன்மை இரண்டுக்கும் ஒரே வினைதான். ‘ஓடுகின்றன’ என்பதைப் பரீட்சைத் தாளில் மட்டும்தான் எழுதுகிறோம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் ‘தி லூம்ஸ் ஈஸ் ரன்னிங்’ என்பது காதில் உறுத்தாது. மனிதர்களைப் பற்றிய வாக்கியத்தில் சரியாகப் போடுபவர்கள்கூட, பொருள்களைப் பற்றிய வாக்கியத்தில் சறுக்குவதைக் கவனித்துப் பாருங்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’டும் இப்படித்தான். தமிழில் ‘பற்றி’ இல்லாமல் விவாதிக்க வராது. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லே அதையும் சேர்த்துச் சுமக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் நுணுக்கமானது. ‘பாலத்தைக் கடக்கும்போது காவிரி அழகாகத் தெரிந்தது.’ தமிழில் குற்றமில்லை. இதையே ‘கிராஸிங் தி பிரிட்ஜ், தி காவேரி லுக்ட் பியூட்டிஃபுல்’ என்று எழுதினால் பிழை. அந்த வாக்கியப்படி பாலத்தைக் கடந்தது காவிரி! ‘பாலத்தைக் கடந்து காவிரி அழகாகத் தெரிந்தது’ என்றால் தமிழிலும் உதைக்கிறது அல்லவா? அந்த உறுத்தல்தான் விடை. கமாவுக்கு முன்னால் நடக்கும் வேலையை கமாவுக்குப் பின்னால் வரும் ஆள்தான் செய்தாரா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

தெரியாததைத் தொடாதே?

நெகட்டிவ் மார்க் விஷயத்தில் வீட்டில் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: ‘தெரியாததைத் தொடாதே.’ கணக்கு வேறு சொல்கிறது. கிளாட்டில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரிக்கு 1, தவறுக்கு 0.25 கழியும். கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்விக்கு விடை போட்டால், சராசரியாக 4 சரி, 12 தவறு. நான்கிலிருந்து மூன்று போக 1 மார்க் மிச்சம். நான்கு விடையில் இரண்டைத் தள்ளிவிட முடிந்தால், 16 கேள்வியில் 8 சரி, 8 தவறு, 6 மார்க். க்யூட்டில் சரிக்கு 5, தவறுக்கு 1 கழியும் என்பதால் துணிவுக்கு இன்னும் இடம் இருக்கிறது. டான்செட்டில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அங்கே கை அடக்கம் வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கணக்கு. சராசரி என்றால் உங்களுக்கு அன்றைக்கு அப்படியே நடக்கும் என்று இல்லை. ஆனால், பாதி வரை பிரித்துவிட்ட கேள்வியைக் காலியாக விடுவது நஷ்டம்.

மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். க்யூட்டைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான். மற்ற மொழிகளிலும் நடத்தக் கோரி தில்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. தர்க்கம் தெரிந்த பிள்ளை மொழியில் தோற்பதை எப்படி நியாயம் என்பது?

கோச்சிங் விளம்பரமும் ஒரு ரீசனிங் கேள்விதான்

‘எங்களிடம் படித்த 100 பேரில் 90 பேர் தேர்ச்சி. ஆகவே எங்கள் பயிற்சியே வெற்றிக்குக் காரணம்.’ இப்படி ஒரு நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்தும் தகவல் எது? கிளாட்டில் வரும் கேள்வி மாதிரியேதான். விடை: ‘பத்தாம் வகுப்பில் மிக அதிக மார்க் எடுத்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள்.’ அந்தப் பிள்ளைகள் வேறெங்கு படித்தாலும் தேறியிருக்கலாம். வாரக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டப்போகும் பணம் என்பதால், பிள்ளை பரீட்சை எழுதுவதற்கு முன்னால் அப்பா, அம்மா விடை எழுத வேண்டிய கேள்வி இது. சேரும் முன் கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், பாதியில் போனவர்களைக் கணக்கில் சேர்த்தீர்களா?

கிளாட்டின் பழைய கேள்வித்தாள்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. போனிலேயே படிக்கலாம். தவறு செய்த கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, விடைக்குப் பதிலாக ‘ஏன் அதை டிக் செய்தேன்’ என்று ஒரு வரி குறித்து வையுங்கள். பத்துத் தாள் முடிப்பதற்குள் நீங்கள் விழும் குழி இரண்டோ மூன்றோதான் என்று தெரிந்துவிடும்.

போவதற்கு முன் ஒன்று. ‘காவிரியில் குளித்தவர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். நீச்சல் தெரிந்தவர்களில் சிலர் தறி ஓட்டுகிறார்கள்.’ இதிலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடிவது எது?

அ) தறி ஓட்டுபவர்களில் சிலர் காவிரியில் குளித்தவர்கள்.
ஆ) நீச்சல் தெரியாதவர் யாரும் காவிரியில் குளித்ததில்லை.
இ) நீச்சல் தெரிந்த எல்லோரும் காவிரியில் குளித்தவர்கள்.

‘அ’ என்று தோன்றினால் சேலை கேள்விக்கு ஒருமுறை திரும்பிப் போய் வாருங்கள். ‘இ’ என்றால் தறி கேள்விக்கு. விடை, ஆ.