ரோமானியக் காசு வாங்கும் முன்

கரூர் அமராவதி ஆற்றில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது உண்மைதான். ஆனால் "நேத்துதான் ஆத்துல கிடைச்சது சார்" என்று ஒரு வியாபாரி நீட்டினால் நான் வாங்க மாட்டேன். அது பொய்யென்றால் காசும் போலியாக இருக்கலாம். மெய்யென்றால் இன்னும் சிக்கல்: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம்.

பட்டாசுக் கடைக்கு லைசென்ஸ் பார்த்துப் பழகிய சிவகாசிக்காரர்கள் நாம். இங்கேயும் முதலில் அதைக் கேளுங்க. அடுத்து பில், காசு யாரிடமிருந்து வந்தது என்ற விவரம், போலியென்றால் பணம் திரும்பும் என்று எழுத்தில் உறுதி. பிறகு லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்க. ரோமானியர் பெரும்பாலும் அச்சில் வைத்து அடித்தார்கள். விளிம்பில் வார்ப்புக் கோடு ஓடினால் சந்தேகப்படணும். பார்க்க விடாத வியாபாரியே வேண்டாம்.