வெள்ளிக்கிழமைன்னா ஓனர் வீட்டுக் கூடம்தான்! அம்மா சொன்ன 'ஒலியும் ஒளியும்' கதை

எங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்கொரு போன். ஒரே ஹாலில் உட்கார்ந்து நாலு வேறு படம் பார்க்கிறோம். "நாங்கல்லாம் ஒரே பெட்டிக்கு முன்னாடி முப்பது பேர் உட்கார்ந்தோம்டி" என்பார் அம்மா. போன வாரம்தான் முழுக் கதையையும் கேட்டேன்.

சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அம்மா சிறுமியாக இருந்த 80-களின் தொடக்கத்திலும் ஒரே சேனல்தான். 'வயலும் வாழ்வும்', செய்திகள், செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிறு மாலை தமிழ்ப் படம். எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளிக்கிழமை இரவு சினிமா பாட்டு போடும் 'ஒலியும் ஒளியும்'. பெட்டியின் விலையே எட்டாக்கனி. போதாததற்கு தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டும்.

அம்மா வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தனம். ஏழு குடும்பம், ஒரு கிணறு, ஒரு டி.வி. ஓனர் வீட்டுக் கூடத்தில், ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை சாலிடேர்.

"ஹோம் வொர்க் முடிச்சு, கை கால் கழுவி, தலை பின்னிக்கிட்டு காத்திருப்போம். மாமி கதவைத் திறந்ததும் தரையில இடம் பிடிக்கணும். நாற்காலி பெரியவங்களுக்கு. திடீர்னு படம் ஓடும். மொட்டை மாடியில ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்பி 'தெரியுதா?'ம்பார். கீழ இருந்து 'இன்னும் கொஞ்சம்!'னு கத்துவோம். தெரியறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும். சில நாள் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' போர்டுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னவர், கொஞ்சம் நிறுத்தினார்.

"ஒரு மாசம் தாத்தாவால வாடகை குடுக்க முடியல. மாமி ஒரு வார்த்தை கேக்கல. ஆனா, பாக்கி வெச்சிட்டு அவங்க கூடத்துல போய் உட்கார பாட்டிக்கு மனசு வரல. 'இந்த வாரம் வேண்டாம்'னுட்டாங்க. நானும் சித்தியும் எங்க வாசப்படியில உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்டோம். ஒளி இல்லாம, வெறும் ஒலி. மூணாவது பாட்டப்போ கூடத்து ஜன்னல் திறந்துச்சு. மாமிதான். ஒண்ணும் பேசல. டி.வி-யை மட்டும் எங்க பக்கமா லேசா திருப்பி வெச்சாங்க."

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி கலர் வந்தது. 80-களின் நடுவில் லைசென்ஸ் ஒழிந்தது. 1987-ல் 'ராமாயணம்' தொடங்கிய சமயம், தாத்தாவும் தவணையில் ஒரு டி.வி வாங்கினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் பாட்டி வாசல் கதவைச் சாத்தியதே இல்லையாம். "'யாருக்கு என்ன கஷ்டமோ, கேட்டுட்டு வர மாதிரி வெக்கக் கூடாது'ன்னு சொல்வாங்க."

வரவர எல்லோர் வீட்டிலும் டி.வி வந்தது. திறந்திருந்த கதவு வழியாக யாரும் வரவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. அம்மா ஹாலில் டி.வி-யைப் போட்டுவிட்டு, எங்கள் மூன்று பேர் போனையும் வாங்கி அலமாரியில் வைத்தார். "அரை மணி நேரம்தான்" என்றார்.

உட்கார்ந்தோம்.