பூட்டிய அறையில் ஃபேன் ஓடுவது ஏன்?

தேனாம்பேட்டையில் வாடகையோடு கரண்ட் பில்லும் சேர்த்து வாங்கும் மாணவர் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 75 வாட் ஃபேன், ஆளில்லாத அறையில் எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட் வீண். அது தெரிந்தும் ஏன் நிறுத்துவதில்லை?

காரணம் அலட்சியம் மட்டுமல்ல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் விடுதி உரிமையாளரிடம் போகிறது. செலவழிப்பவர் கண்ணில் செலவு படுவதே இல்லை.

இதை எப்படி மாற்றுவது? கட்டாயப்படுத்தாமல் நல்ல முடிவை எளிதாக்குவதே வழி. 'மென்தூண்டல்' என்னும் இக்கருத்தைப் பரப்பிய ரிச்சர்ட் தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பெற்றார்.

முதல் வழி, கண்ணில் காட்டுவது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 2005-இல் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரப் போட்டி வைத்து, மின்செலவை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பயன்பாடு 32 சதவீதம் குறைந்தது.

இரண்டாவது, ஒப்பீடு. இதில் கவனம் தேவை. கலிஃபோர்னியாவில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தின் சராசரி மின்செலவைச் சொன்னபோது, குறைவாகச் செலவழித்தவர்கள் கூட்டிவிட்டார்கள். கூடவே சிரித்த முகப் படம் ஒன்றை வரைந்து பாராட்டியதும் அந்த ஏற்றம் நின்றது.

மூன்றாவது, தொடக்க அமைப்பு. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி தயாரிக்கப்படுகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் பணியகம்.

வார்டன்களே, மாடிக்கொரு மீட்டர் இருந்தால், வாரந்தோறும் ரீடிங்கை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். குறைத்த மாடியைப் பாராட்டவும் மறக்காதீர்கள்.