சாகசவழிக் கல்வி ஆய்வுகள்

சாகசவழிக் கல்வி என்பது மலையேற்றம், படகோட்டுதல், காட்டுவழி நடைப்பயணம், கூடாரத்தில் தங்குதல் போன்ற செயல்களின் வழியாக இளையோரிடம் தன்னம்பிக்கை, கூடிச் செயல்படும் திறன், பொறுப்புணர்வு ஆகியவற்றை வளர்க்க முயலும் கல்விமுறை ஆகும். இது வெளிக்களக் கல்வியின் ஒரு பிரிவு. பள்ளிச் சுற்றுலாவில் மாணவர்கள் பார்வையாளர்கள். இங்கோ வழியைக் கண்டுபிடிப்பதும், சமைப்பதும், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. முகாமில் பெறும் துணிவு வீடு திரும்பிய பின்னும் நிலைக்கிறதா என்பதே இத்துறை ஆய்வுகளின் மையக் கேள்வி.

தோற்றம்

இம்முறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான் (1886–1974). 1920-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட சேலம் பள்ளியை நடத்திய இவர், இட்லரை எதிர்த்ததால் 1933-இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியை நிறுவினார்.

இரண்டாம் உலகப் போரின்போது, கப்பல் மூழ்கிய வேளைகளில் இளம் மாலுமிகள் மூத்தவர்களைவிட எளிதில் மனம் தளர்ந்து உயிரிழக்கிறார்கள் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். அவரது ஆதரவுடன் 1941-இல் வேல்சு நாட்டின் அபர்டோவியில் ஹான் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 'அவுட்வர்ட் பவுண்டு' என்ற அதன் பெயர், துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல். இவ்வமைப்பு பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

பயன் நிலைக்கிறதா?

முகாம் முடியும் நாளில் மாணவர்கள் மிகுந்த உற்சாகத்தில் இருப்பார்கள். அன்று வினாத்தாள் கொடுத்தால் எல்லாரும் நல்ல பதிலே தருவார்கள். அந்த உற்சாகத்தை உண்மையான மாற்றம் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காக ஆய்வாளர்கள் பலமுறை அளவெடுக்கும் முறையைக் கையாண்டனர்.

ஆஸ்திரேலியாவில் ஹெர்பர்ட் மார்ஷ், கேரி ரிச்சர்ட்ஸ், ஜெனிஃபர் பார்ன்ஸ் ஆகியோர் 26 நாள் முகாம்களில் பங்கேற்றவர்களை ஆராய்ந்து 1986-இல் முடிவுகளை வெளியிட்டனர். முகாமுக்கு முன்பும், அதன் தொடக்கத்திலும் முடிவிலும், 18 மாதங்கள் கழித்தும் பங்கேற்பாளர்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடு அளக்கப்பட்டது. முகாமில் ஏற்பட்ட உயர்வு 18 மாதங்களுக்குப் பிறகும் பெரும்பாலும் குறையாமல் இருந்தது.

1997-இல் ஜான் ஹேட்டி, மார்ஷ், ஜேம்ஸ் நீல், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 96 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் சராசரி 'விளைவு அளவு' 0.34 எனக் கிடைத்தது. இதை எளிதாகப் புரிந்துகொள்ள, 100 பேரைத் திறன்வாரியாக வரிசைப்படுத்தியதாகக் கொள்வோம். கீழிருந்து 50-ஆம் இடத்தில் நிற்கும் மாணவர் ஏறத்தாழ 63-ஆம் இடத்துக்கு உயர்வதற்கு இது சமம். இது நடுத்தரமான பயன்தான். ஆனால் முகாம் முடிந்த பின் எடுத்த அளவீடுகளில் மேலும் 0.17 கூடியிருந்தது. பல கல்வித் திட்டங்களின் பயன் நாளடைவில் தேய்வதால் இம்முடிவு கவனம் பெற்றது.

எனினும் எல்லா முகாம்களும் ஒரே அளவு பயன் தரவில்லை. 20 நாட்களுக்கு மேல் நீடித்தவை கூடுதல் பயன் தந்தன. குறுகிய முகாம்கள் பலவற்றில் பயன் குறைவாகவே இருந்தது.

மாற்றுக் கருத்து

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ புரூக்ஸ் 2003-இல் வெளியிட்ட கட்டுரைகளில், முகாம் ஒருவரது குணத்தையே மாற்றிவிடும் என்ற நம்பிக்கையை மறுத்தார். மனிதர்கள் சூழலுக்கேற்ப நடந்துகொள்கிறார்கள். மலையில் உதவும் மனத்துடன் இருந்தவர் வகுப்பறையிலும் அப்படியே இருப்பார் என்று கொள்ள முடியாது என்பது அவர் வாதம். மேலும், பல ஆய்வுகள் மாணவர்கள் தம்மைப் பற்றித் தாமே அளித்த மதிப்பீடுகளைச் சார்ந்தவை. தன்னம்பிக்கை கூடியதாக ஒருவர் உணர்வதும் அவரது நடத்தை மாறுவதும் ஒன்றல்ல.

பாதுகாப்பு

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறுபடகுப் பயணம் சென்ற பள்ளி மாணவர் நால்வர் உயிரிழந்தனர். படகுப் பயணத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் 1994-இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். 1995-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது. மாணவருக்குச் சவாலாகத் தோன்றும் செயல், நடத்துபவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி.

பள்ளியின் பங்கு

2004-இல் மார்க் ரிக்கின்சனும் குழுவினரும் 1993 முதல் 2003 வரை வெளிவந்த 150 ஆய்வுகளை மீளாய்வு செய்தனர். முன்தயாரிப்பும், திரும்பி வந்த பின் பள்ளியில் தொடர்பணியும் உள்ள திட்டங்களே சிறப்பான பயன் தருகின்றன என்று அவர்கள் காட்டினர்.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில், அவுட்வர்ட் பவுண்டு பள்ளி புலாவ் உபின் தீவில் 1967 முதல் இயங்கி வருகிறது. உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர் அனைவரையும் ஐந்து நாள் முகாமுக்கு அனுப்பும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2016-இல் அறிவித்தது. நாட்கள் குறையக் குறைய, முகாமில் கற்றதைத் தொடர்ந்து பயன்படுத்தும் வாய்ப்பை மாணவருக்கு ஏற்படுத்தித் தரும் பொறுப்பு பள்ளி ஆசிரியருக்குக் கூடுகிறது. முகாமில் வழிகாட்டியாக இருந்த மாணவர், வகுப்பில் மீண்டும் கடைசி இருக்கைக்கே அனுப்பப்பட்டால் அங்கே பெற்றது அங்கேயே நின்றுவிடும்.