மந்தர ஒலியும் மலிவு விலையும்

இசை கேட்க வேண்டுமாயின் கோயில் வீதிக்கோ சபா மண்டபத்துக்கோ செல்ல வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் வானொலிப் பெட்டி வந்து கச்சேரியை வீட்டுக் கூடத்துக்குக் கொணர்ந்தது. 1979 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி யப்பானிலே சோனி நிறுவனத்தார் 'வோக்மன்' என்னும் சிறு கசற் கருவியை விற்பனைக்கு விட்டபோது, அக்கச்சேரி மனிதனோடு கூடவே நடக்கத் தொடங்கிற்று. 2001 இல் அப்பிள் நிறுவனத்தாரின் 'ஐபொட்' வந்தது; ஆயிரம் பாடல்கள் சட்டைப் பைக்குள் அடங்கின. இன்று அவ்வேலையைக் கைத்தொலைபேசியே பெரும்பாலும் செய்துவிடுகின்றது. பேருந்தின் நெருக்கடியிலே ஒற்றைக் காலில் நிற்கின்ற இளைஞனும், அயலில் நிற்பவருக்கு ஒரு சுரமேனும் கேளாவண்ணம், தனக்கெனத் தனிக் கச்சேரி ஒன்றை நடத்திக்கொள்கிறான்.

அந்தக் கச்சேரி நன்கு அமைவதும் அமையாததும் பெரும்பாலும் பாட்டை வைத்திருக்கும் கருவியைப் பொறுத்தவை அல்ல. இசை செவியை வந்தடையும் கடைசி ஓரங்குல வழியாகிய இயர்போனைப் பொறுத்தவை. ஆகவேதான் கடைக்கு வரும் இளைஞர், "குறைந்த விலைக்கு நல்ல பேஸ் உள்ளதாக ஒன்று தாருங்கள்" என்று கேட்கின்றனர். 2022 இல் நமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததன் பின்னர், இறக்குமதிப் பொருள் ஒன்றை வாங்குமுன் பலமுறை சிந்திப்பது அனைவர்க்கும் வழக்கமாகிவிட்டது. எனவே இக்கேள்வியை விளையாட்டுப் பிள்ளைகளின் கேள்வி என்று தள்ளிவிடுதல் தகாது. குறைந்த விலைக்கு நல்ல பேஸ் கிடைக்குமா? கிடைக்கும். ஆயின் அது விலையில் இருப்பதைக் காட்டிலும் பொருத்தத்திலேயே மிகுதியும் இருக்கின்றது. இவ்வுண்மையை அறியாதவர் இருமுறை விலை கொடுக்கின்றனர்: முதலில் பணத்தால்; பின்னர் செவியால்.

மெலிவு என்னும் பெயர்ப் பொருத்தம்

இளைஞர் 'பேஸ்' என்று கூறுவது யாது? பழந்தமிழ் இசைநூலார் ஒலியின் தானங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். அவற்றையே மந்தரம், மத்திமம், தாரம் என்றும் வழங்குவர். மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கை அழுந்தி எழுப்பும் கும்காரமும், பேஸ் கித்தாரின் தடித்த தந்தி எழுப்பும் நாதமும் இத்தாழ்ந்த தானத்தைச் சேர்ந்தவை. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்க வல்லது. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கின்றது.

தாழ்ந்த தானத்துக்கு 'மெலிவு' என்று பெயரிட்டது வியக்கத்தக்க பொருத்தமாகும்; ஏனெனில் நமது செவிக்கு அவ்வொலி உண்மையிலேயே மெலிந்துதான் கேட்கின்றது. 1933 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் இதனை அளந்து வெளியிட்டனர். 1,000 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்று செவிக்கு எட்டத் தொடங்கும் அளவைவிட ஏறத்தாழ 40 டெசிபெல் கூடுதலாக ஒலித்தால்தான் 50 ஹேர்ட்ஸ் ஒலி செவிக்கு எட்டத் தொடங்கும். ஒலியின் அளவு கூடக்கூட இவ்வேறுபாடு சுருங்கிவிடும். ஆகவே, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது முதலில் மறைவது மந்தரமே. பாடகரின் குரல் நிற்கும். மிருதங்கத்தின் அடி போய்விடும்.

இதனால் விளைவது யாது? "பேஸ் போதாது" என்று எண்ணும் இளைஞனின் விரல் ஒலியைக் கூட்டும் பொத்தானை நாடுகின்றது. மந்தரத்தோடு ஏனைய ஒலிகளும் சேர்ந்து உயர்கின்றன. பேருந்தின் இயந்திர இரைச்சலும் தாழ்ந்த ஒலியே ஆதலின், அது பாட்டின் மந்தரத்தை மேலும் மூடிவிடுகின்றது. விரல் மறுபடியும் பொத்தானை நாடுகின்றது. பேஸில் உள்ள ஆசை செவிக்குக் கேடாக முடிவது இவ்வழியாலேயே.

ஏழு மீற்றர் அலையும் சிறு துளையும்

50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றிலே ஏறத்தாழ ஏழு மீற்றர். மண்டபத்தில் அதனை முழக்குவதற்குப் பெரிய ஒலிபெருக்கிகள் பெருமளவு காற்றைத் தள்ளவேண்டியிருக்கின்றன. அவ்வாறாயின், பத்து மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு மென்தகடு அதனை எங்ஙனம் எழுப்பும் என்று ஐயுறுதல் இயல்பே.

விடை செவியின் அமைப்பிலே இருக்கின்றது. செவித்துளையின் நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் மாத்திரமே. அதன் வாயை இயர்போன் இறுக மூடிவிட்டால் உள்ளே எஞ்சும் காற்று ஓரிரு கன சென்ரிமீற்றரே. அத்துணைச் சிறிய காற்றை அழுத்தவும் தளர்த்தவும் சிறு தகட்டின் அசைவே போதும். செவிப்பறை முழு மந்தரத்தையும் உணரும். வாய் சரிவர மூடாதபோதோ அவ்வழுத்தம் இடுக்கு வழியே கசிந்துவிடும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அரைகுறையாக மூடிக்கொண்டு பிடியை அமுக்கிப் பார்த்தோர் இதனை எளிதில் அறிவர். மெல்ல அமுக்கினால் காற்று முழுவதும் கசிந்துபோகும். விரைந்து அமுக்கினால் விரலில் அழுத்தம் தெரியும். மந்தர ஒலி மெல்ல அமுக்குவது போன்றது. தார ஒலி விரைந்து அமுக்குவது போன்றது. ஆதலின் இடுக்கு இருந்தால் போவது மந்தரமே.

இயர்போன்களுள் இருவகை உண்டு. செவியின் வாயிலிலே தொங்கி நிற்பது ஒருவகை. ஐபொட்டுடன் வந்த வெள்ளை நிறக் கருவி அவ்வகையினது. மென்மையான நுனியுறையுடன் துளைக்குள் நுழைந்து அதனை மூடுவது மற்றொரு வகை. செவிப்புலன் பரிசோதனைக்கெனத் துளைக்குள் செருகும் கருவிகளைச் செய்துவந்த எற்றிமோற்றிக் என்னும் அமெரிக்க நிறுவனம் 1991 இல் அம்முறையை இசைக்கென அமைத்து 'ஈஆர்-4' என்னும் கருவியை வெளியிட்டது. அந்நாளில் அது விலையுயர்ந்த பொருள். இன்று அதே முறையில் அமைந்த கருவிகள் எளியோருக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. குறைந்த விலையில் மந்தரத்தை விரும்புவோர் இவ்விரண்டாம் வகையையே நாடுதல் நன்று. முதல் வகையை விரும்புவோர் அதற்கு ஒரு ஸ்பொஞ் உறையேனும் மாட்டுவாராயின் இடுக்கு ஓரளவு அடைபட்டு மந்தரம் சற்றுக் கூடும்.

பெட்டியின் மேலுள்ள எழுத்துக்கள்

பெட்டியின் மேல் '20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பர். இதனைக் கண்டு மயங்குதல் வேண்டா. எந்த ஒலி எத்துணை வலிமையோடு வரும் என்று கூறாதவிடத்து அவ்வெண்களால் பயனில்லை. ஊரின் எல்லையைச் சொன்னால் ஊரார் எவ்வாறு வாழ்கின்றனர் என்று அறிய முடியுமா? உள்ளிருக்கும் தகட்டின் அகலத்தைப் பெரிதாக எழுதுவதும் அத்தகையதே. இறுகப் பொருந்திய ஆறு மில்லிமீற்றர்த் தகடு, தளர்ந்து நிற்கும் பதினான்கு மில்லிமீற்றர்த் தகட்டை வென்றுவிடும்.

பயனுள்ள எண் ஒன்று உண்டு: மின்தடை. கைத்தொலைபேசிக்கும் சிறு இசைக் கருவிக்கும் 16 முதல் 32 ஓம் வரையிலான இயர்போன் பொருத்தமானது. எனினும், எவ்வெண்ணைக் காட்டிலும் முதலிற் பார்க்க வேண்டியது வேறொன்று. பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு நுனியுறைகள் இருக்கின்றனவா என்பதே அது.

'கூடுதல் பேஸ்' என்னும் விளம்பரத்தையும் ஐயத்தோடு நோக்குதல் நலம். மலிவான கருவிகள் சிலவற்றில் மந்தரத்துக்குச் சற்று மேலேயுள்ள ஒலிகளை மட்டும் வீங்கச் செய்திருப்பர். கேட்ட கணத்தில் அது முழக்கமாகத் தோன்றும். சிறிது நேரத்தில் ஆண்குரலும் மிருதங்கமும் ஒன்றோடொன்று குழம்பிப் பானைக்குள்ளிருந்து வருவன போலாகும். நல்ல மந்தரம் என்பது முழக்கமன்று, தெளிவு. தாழ்ந்த சுரங்கள் ஒவ்வொன்றும் வேறுவேறாகக் கேட்டால் அது நல்ல கருவி. எல்லாம் 'தும், தும்' என்று ஒரே சுரமாகக் கேட்டால் அதனை விட்டுவிடுக.

செவியே தராசு

கடைக்குச் செல்லும்போது நன்கு பழகிய மூன்று ஒலிப்பதிவுகளைக் கொண்டு செல்க. மிருதங்கம் தெளிவாகக் கேட்கும் கச்சேரி ஒன்று. பேஸ் கித்தார் தனக்கெனத் தனிவழி நடக்கும் இளையராஜாவின் திரைப்பாடல் ஒன்று. ஆண் ஒருவரின் பேச்சு ஒன்று. பழைய இசைத்தட்டுக்களைச் சோதனைக்கு எடுத்தல் ஆகாது. 1925 இல் மின்வழி ஒலிப்பதிவு வருமுன்னர், கலைஞர் கொம்புக் குழாயின் முன் நின்றே பாடினர். மந்தர ஒலிகள் பெரும்பாலும் அத்தட்டுக்களில் பதியவே இல்லை. இல்லாததை எந்தக் கருவியும் தராது.

கருவியைச் செவியில் இடுவதற்கும் முறை உண்டு. ஒரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று மறுபக்கச் செவியின் மேற்பகுதியை மெல்ல உயர்த்திப் பிடித்து, மற்றக் கையால் நுனியைச் செலுத்துக. இட்டபின் பேசிப் பார்க்குங்கால், நமது குரல் நமக்கே குடத்துக்குள் பேசுவதுபோற் கேட்டால் துளை மூடிவிட்டது என்பது பொருள். பின்னர் பாட்டை ஓடவிட்டு இயர்போனை விரலால் இலேசாக அழுத்துக. அழுத்தியவுடன் மந்தரம் பெருகுமாயின் இடுக்கு இன்னும் இருக்கின்றது. மாற்றவேண்டியது கருவியை அன்று, நுனியுறையை. இடச்செவியும் வலச்செவியும் ஒரே அளவினவாக இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. ஒன்றுக்கு நடுத்தரமும் மற்றதற்குப் பெரிதும் தேவைப்படலாம். சிலிக்கோன் உறை எதுவும் பொருந்தாதவர் ஸ்பொஞ் நுனியை விரலால் உருட்டிச் சுருக்கித் துளையில் இட்டு அரை நிமிடம் பொறுத்திருப்பாராயின், அது விரிந்து துளையின் வடிவத்தையே பெற்றுவிடும்.

சோதிக்க இடந்தராத கடைகளும் உண்டு. அங்ஙனமாயின், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் இயர்போனுக்கு நுனியுறையை மட்டும் மாற்றிப் பார்த்தல் முதற்காரியம். புதியதென வாங்கவிருந்த பொருள் பழையதற்குள்ளேயே ஒளிந்திருத்தல் கூடும். அதன் பின்னரும் மந்தரம் போதாதெனின், கைத்தொலைபேசியிலுள்ள ஒலிச் சமன்படுத்தியில் மற்றைய ஒலிகளைச் சற்றுக் குறைத்துப் பார்க்க. மந்தரத்தை உயர்த்துவதிலும் ஏனையவற்றைத் தாழ்த்துவது சிறந்தது, ஒலி சிதையாது.

கம்பியா, கம்பியின்றியா?

கம்பியற்ற புளூடூத் கருவிகளே இன்று எங்கும் காணப்படுகின்றன. வசதியில் அவற்றுக்கு நிகரில்லை. ஆயினும், கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மின்கலத்துக்கும் ஒரு பங்கு வானலைச் சில்லுக்கும் ஒரு பங்கு மின்னேற்றும் பெட்டிக்கும் போய்விடும். எஞ்சியதே ஒலிக்கு. மேலும், கடுகளவான அம்மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். மலிவான கருவிகளில் அதனை மாற்றுதல் பெரும்பாலும் இயலாது. அதே பணத்துக்குக் கம்பியுள்ளது ஒலியில் மிகுதியாகத் தரும். அதன் குறை, செருகி அருகே கம்பி நைந்துபோதல். ஆகவே கம்பியைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கலாம். 2016 இல் வந்த ஐபோன் 7 தொடக்கம் பல கைத்தொலைபேசிகளில் இயர்போன் துளையே இல்லாது போயிற்று. அத்தகையோர் இணைப்பான் ஒன்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.

செவி என்னும் முதல்

இனிச் சொல்ல எஞ்சியிருப்பதே இவை அனைத்தினும் பெரிது. துளையை இறுக மூடும் நுனியுறை மந்தரத்தை உள்ளே நிறுத்துவதோடு, புற இரைச்சலையும் வெளியே நிறுத்துகின்றது. ஆகவே ஒலியைக் குறைத்து வைத்தே பாட்டின் முழுமையைக் கேட்கலாம். அந்த வாய்ப்பைப் பெற்ற பின்னரும் ஒலியைக் கூட்டுவோர் தம் முதலையே அழிப்பவராவர். வாரம் ஒன்றுக்கு 80 டெசிபெல் ஒலியை 40 மணிநேரம் கேட்கலாம். 90 டெசிபெல் எனின் 4 மணிநேரமே. 100 டெசிபெல் எனின் 20 நிமிடமே. வளர்ந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை இது. பாதுகாப்பற்ற கேட்கும் பழக்கத்தால் நூறு கோடிக்கு மேற்பட்ட இளையோர் கேட்கும் திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாகவும் அந்நிறுவனம் எச்சரிக்கின்றது. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒவ்வொரு செவிக்கும் ஏறத்தாழ 15,000. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இயர்போன் பழுதானால் கடையில் வேறொன்று உண்டு. இதற்குக் கடை இல்லை.

புற ஒலியை மறைக்கும் கருவி வீதியின் எச்சரிக்கையையும் மறைத்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. காதிலே இயர்போனுடன் தண்டவாளத்தில் நடந்து, பின்னால் வந்த புகையிரதத்தின் ஓசையை அறியாது உயிர்நீத்தோர் பற்றிய செய்திகளை நமது பத்திரிகைகள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. வீதியைக் கடக்கும்போதும் தண்டவாளத்தை அணுகும்போதும் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதால் எந்தப் பாட்டும் கெட்டுவிடாது. விட்ட இடத்திலிருந்தே அது தொடரும்.

ஆகவே, கையிருப்புச் சிறிதாயினும் இளைஞர் மனந்தளர வேண்டியதில்லை. பெட்டியின் எழுத்தை நம்பாது தம் செவியை நம்பி, நுனியுறையைப் பொருத்திப் பார்த்து வாங்குவாராயின் நல்ல மந்தரம் மலிவு விலைக்கே கிட்டும். அவ்வாறு வாங்கிய அன்றே ஒலியையும் ஒரு படி குறைத்து வைப்பாராயின், அந்த மிருதங்கத்தின் கும்காரம் முதுமையிலும் அவருக்குக் கேட்கும்.