இளையோர் பொப்பிசைச் சஞ்சிகையும் நிழற்படத் தெரிவும்

சஞ்சிகையொன்றைக் கையிலெடுப்போர் அதனைப் படிப்பதற்கு முன்னர்ப் பார்க்கின்றனர். இளையோர்க்கென வெளிவரும் பொப்பிசைச் சஞ்சிகைகளிலோ பார்த்தலே பெரும்பாலும் படித்தலாக முடிந்துவிடுகின்றது. பாடலை வானொலியிற் கேட்கலாம். பாடியவரின் முகத்தை வானொலி காட்டாது. அக்குறையை நிரப்பவே இவ்வகைச் சஞ்சிகைகள் எழுந்தன என்று கொள்ளினும் பெரும்பிழை ஆகாது. ஆதலின் இத்தகைய சஞ்சிகையொன்றை மாணாக்கர் தாமே ஆக்க முற்படும்போது, அவர் எதிர்கொள்ளும் தலையாய வினா எதனை எழுதுவது என்பதன்று. எப்படத்தை இடுவது என்பதே.

ஜேர்மனியில் 1956ஆம் ஆண்டிலே தொடங்கிய 'பிராவோ' என்னுஞ் சஞ்சிகை, 1959இல் ஆளுயரப் படமொன்றைத் துண்டுகளாக்கி இதழுக்கு ஒன்றாக வெளியிடலாயிற்று. வாசகர் அவற்றைச் சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டிக்கொண்டனர். முதலில் இவ்வாறு வெளிவந்தது பிரெஞ்சு நடிகை பிறிஜித் பாடோவின் படம். ஒரு துண்டு தவறினும் உருவம் நிரம்பாது. எனவே அடுத்த இதழையும் வாங்கியே தீரவேண்டும். வணிகத் தந்திரம் எனினும் வியத்தற்குரிய தந்திரமே. பிரித்தானியாவில் நிக் லோகன் என்பார் 1978இல் தொடக்கிய 'ஸ்மாஷ் ஹிற்ஸ்' பாடல்களின் சொற்களையும் பாடுவோரின் வண்ணப்படங்களையும் ஒருங்கே தந்தது. அது 2006இல் நின்றது. 1995இல் வந்த 'ரொப் ஒவ் த பொப்ஸ்' சஞ்சிகையே 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' குழுவினர் ஐவருக்கும் 1996இல் தனித்தனிப் பட்டப்பெயர் சூட்டியது. அப்பெயர்கள் நிலைத்தமைக்குக் காரணம், ஐவரும் படத்தில் ஒருவரோடொருவர் மயங்காதவாறு உடையாலும் தலைமயிராலும் நிலையாலும் வேறுபட்டு நின்றமையே. குழுப்படத்தைத் தெரிவோர் இதனை மறத்தலாகாது. வாசகி ஒவ்வொருத்தியும் அப்படத்திலே தனக்கு உவந்த ஒருத்தியைத் தேடிக் கண்டுகொள்ளல் வேண்டும்.

மாணாக்கர் சஞ்சிகை ஆக்குதல் பொழுதுபோக்காக மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்திலே ஓ.சி.ஆர். என்னுந் தேர்வுச்சபை, 2008ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள், உயர்தர வகுப்பின் ஊடகவியற் பாடத்தில் இதனை ஒரு செய்முறைப் பணியாகவே விதித்திருந்தது. புதியதோர் இசைச் சஞ்சிகையின் முன்னட்டை, பொருளடக்கப் பக்கம், எதிரெதிரான இருபக்கக் கட்டுரை ஆகியவற்றை மாணாக்கர் ஆக்குதல் வேண்டும். எழுத்தும் படமும் யாவும் அவரே படைத்தனவாதல் வேண்டும். படங்கள் நான்கிற் குறைதல் ஆகாது. பிறர் எடுத்த படத்தை வெட்டி ஒட்டுதற்கு இடமே இல்லை. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொதுவாக ஒரு நிழற்படத்தின் உரிமை எடுத்தவர்க்கு வாழ்நாள் முழுவதும் உரியது. அவர் மறைந்தபின்னும் எழுபதாண்டு நீடிப்பது. ஆயினும் தேர்வுச்சபையின் விதியைச் சட்டத்திற்கு அஞ்சி எழுந்ததாக மட்டும் கருதுதல் பொருந்தாது. பிறர் படத்தை இடுவோன் தெரிகின்றான். தானே எடுத்து இடுவோன் ஆக்கியுந் தெரிகின்றான். அவ்விதி சோதிக்க விரும்பியது பின்னதையே.

இவ்விதியால் விளைந்த இடர்ப்பாடு சுவையானது. பதினாறு பதினேழு வயது மாணாக்கர்க்குப் புகழ்பெற்ற பாடகர் எவர் கிட்டுவர்? வகுப்பிலே பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழியே கிட்டுவாள். நேற்றுக் கணக்குப் பாடத்தில் தூங்கிவிழுந்தவளை இன்று நாடறிந்த பாடகியாகக் காட்டவேண்டும். றிச்சட் டையர் என்னும் அறிஞர் 1979இல் வெளியிட்ட நூலில், நட்சத்திரம் என்பவர் இயற்கையிற் பிறந்தவரல்லர், படங்களாலும் செய்திகளாலும் கட்டியெழுப்பப்படும் ஓர் உரு என்னுங் கருத்தை விரித்துரைத்தார். நூலிலே படித்தால் இக்கருத்து எளிதாகவே தோன்றும். தோழியின் முகம் நிறைந்த நூறு படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எப்படத்தில் அவள் தோழியாகவே இருக்கின்றாள், எப்படத்திற் பாடகியாகிவிட்டாள் என்று தேடும்போதே அதன் உண்மை புலனாகும்.

முன்னட்டைப் படத்திலிருந்து தொடங்குதலே முறை. ஏனையவை அதனைச் சார்ந்தே அமைவன. இங்கு மாணாக்கர் பெரும்பாலும் செய்யும் பிழை, எடுத்தவற்றுள் மிக அழகிய படத்தைத் தெரிந்துகொள்வதாம். அழகிய படம் வேறு; பொருத்தமான படம் வேறு. மார்ஜொரி பேர்கசன் என்பார் 1980இல் பிரித்தானிய மகளிர் சஞ்சிகைகளின் அட்டைமுகங்களை ஆராய்ந்து, அவற்றை நால்வகைப்படுத்தினார். பற்கள் தோன்றியுந் தோன்றாமலும் இன்முகங் காட்டுவது ஒன்று. வாய்மூடித் தலைசாய்த்துக் கண்களாலேயே அழைப்பது மற்றொன்று. தலையை முன்னீட்டியோ பின்சாய்த்தோ வாய்விட்டுச் சிரிப்பது மூன்றாவது. காதற் குறிப்போடு, இருவராகவோ கனவில் ஆழ்ந்த தனிமுகமாகவோ தோன்றுவது நான்காவது. இப்பாகுபாடு இசைச் சஞ்சிகைகளுக்கென வகுக்கப்பட்டதன்று. ஆயினும் அவற்றிற்கும் பெரிதும் பயன்படுவது. இளையோர் பொப்பிசைச் சஞ்சிகைகளின் அட்டையில் மேலோங்கி நிற்பது மூன்றாம் வகையாகிய பெருஞ்சிரிப்பு. 1952இல் தொடங்கிய 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்', 1981இல் தொடங்கிய 'கெராங்' போன்ற றொக் இசை ஏடுகளின் அட்டைகளில் அச்சிரிப்பு அரிது. அங்கே முகம் இறுகியிருக்கும், அல்லது சினந்து கத்தும். ஆகவே நிழல் படிந்த, சிரிப்பற்ற, உருக்கமான முகமொன்றை அழகு கருதித் தெரிந்த மாணாக்கன், தன்னையறியாமலே வேறொரு சஞ்சிகையை ஆக்கிவிடுகின்றான். தலைப்பின் எழுத்து இளஞ்சிவப்பாயிருந்தும் பயனில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி அதனைத் தனக்குரியதென எடுக்கமாட்டாள்.

கண்கள் எங்கே நோக்குகின்றன என்பதும் அத்துணை முதன்மையானது. அட்டையிலுள்ளவர் ஒளிப்படக் கருவியை நேர்நோக்கின், பார்ப்பவர் எப்பக்கம் நின்று பார்ப்பினும் தம்மையே நோக்குவதாக உணர்வர். கடையிலே பல ஏடுகள் நெருங்கிக் கிடக்கும்போது வாங்குவோரை நிறுத்துவது இந்நோக்கே. அடுத்தது, தலைப்புக்குரிய இடம். பெயர்பெற்ற சஞ்சிகைகள் அட்டைமுகத்தின் தலையாலே தம் பெயரிற் சில எழுத்துக்களை மறைத்துவிடுதலுண்டு. இதனைக் கண்ட மாணாக்கர் தாமும் அவ்வாறே செய்ய விழைவர். பழைய சஞ்சிகையின் பெயரை மூன்றெழுத்துக் கொண்டே மக்கள் அறிந்துகொள்வர்; நேற்றுப் பிறந்த சஞ்சிகைக்கு அவ்வுரிமை ஏது? ஆகையால் தலைக்கு மேலே போதிய வெளி விட்டு எடுத்த படமே இதற்கு உதவும். அன்றியும் கடைத்தட்டிலே ஏடுகள் ஒன்றன்மேலொன்றாகச் சரிந்து கிடக்கையில் இடப்பக்கத்து மூன்றிலொரு பங்கு மட்டுமே வெளித்தோன்றுதல் உண்டு. எனவே முதன்மைச் செய்திகள் அப்பகுதியில் எழுதப்படும். முகம் நடுவிலோ சற்றே வலப்புறத்திலோ நிற்றல் நன்று.

தெரிவு என்பது உண்மையிற் கழித்தலேயாம். கண்மூடிய படம், கண்ணிலே கூர்மை தவறிய படம், தலைக்குப் பின்னே கம்பமோ கதவுநிலையோ முளைத்தாற்போலத் தோன்றும் படம் ஆகியவை முதலிற் கழியும். ஐவர் சேர்ந்த குழுப்படத்தில் எவரேனும் ஒருவர் கண்சிமிட்டியிருத்தல் ஏறக்குறைய இயற்கை விதிபோலும்! இவ்வாறு கழித்து எஞ்சியவற்றைச் சிற்றுருவில் ஒரே தாளிற் பதித்து அருகருகே நோக்குதல் வேண்டும். தனித்து நோக்குங்கால் ஒவ்வொன்றும் நன்றாகவே தோன்றும். அருகிருத்தி நோக்கும்போதே வேறுபாடு வெளிப்படும்.

அளவு பற்றிய கணக்கும் உண்டு. ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நல்ல அச்சிற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டுமெனின், அட்டைப்படம் 2480க்கு 3508 புள்ளிகள் கொண்டதாயிருத்தல் வேண்டும். திரையிலே தெளிவாய்த் தோன்றும் ஆயிரம் புள்ளி அகலமான படம் அத்தாளில் அங்குலத்திற்கு 121 புள்ளியளவாகவே பரவி மங்கிவிடும். திரையிற் சுடர்விடும் இளஞ்சிவப்பும் நீலமும் நால்வண்ண அச்சில் ஒளி குன்றுவன. பொப்பிசைச் சஞ்சிகை பெரிதும் விரும்புவது அவ்விரு நிறங்களையே என்பது அதன் போகூழ்.

பொருளடக்கப் பக்கத்துப் படங்கள் சிறியன. நான்கைந்து சென்ரிமீற்றர் அகலத்திலும் பொருள் விளங்கவேண்டுமாகலின், ஒரு முகமோ ஒரு கித்தாரோ ஒரு செயலோ மட்டும் உள்ள எளிய படங்களே அங்குத் தகும். இருபக்கக் கட்டுரைக்குரிய படத்திலே கவனிக்கவேண்டியது நடுமடிப்பு. முகம் மடிப்பில் விழுந்தால் மூக்குத் தாளின் இடுக்கிற் புதைந்துபோகும். படத்திலுள்ளவர் பக்கத்தின் வெளிப்புறம் நோக்கியிருப்பின் வாசகர் கண்ணும் அவ்வழியே வெளியேறிவிடும். கட்டுரையை நோக்கியிருப்பின் கண் எழுத்தின்மேல் வந்து தங்கும். அட்டையிற் கண்ட பாடகியே உள்ளேயும் வருகின்றாள் என்பது ஒரே பார்வையிற் புலப்படவேண்டும். எனினும் அதே படம் மீண்டும் வந்தால் வாசகர் ஏமாற்றமடைவர். அட்டையிற் சிரித்தவள் உள்ளே சற்றுச் சிந்திக்கலாம். உருக்கமான முகத்திற்கு உரிய இடம் இதுவே.

இங்கே படத்தோடு சேரும் எழுத்தின் வலிமையையும் எண்ணுதல் வேண்டும். படம் பல பொருள்களை ஏற்று மிதப்பதென்றும், எழுத்து அதனை ஒரு பொருளில் நங்கூரமிட்டு நிறுத்துமென்றும் றோலன்ட் பாத் 1964இல் விளக்கினார். தலைகுனிந்திருக்கும் பாடகியின் படத்தின்கீழ்ப் புதிய பாடல் எழுதுகின்றாள் என்று பொறித்தால் உழைப்புத் தோன்றும். காதலன் பிரிந்தான் என்று பொறித்தால் அதே குனிவில் துயர் தோன்றும். படந்தெரியும்போதே அதன்கீழ் வரும் தொடரையும் எழுதிப்பார்க்கும் மாணாக்கரே இருமுறை உழையாது தப்புவர்.

இதுகாறுங் கூறியவை சஞ்சிகையின் நலத்தை நோக்கியவை. படத்திலிருப்பவரின் நலம் வேறொன்று உண்டு. அது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. பாடகி என்பது புனைவு, முகம் புனைவன்று. சஞ்சிகை மதிப்பெண் பெற்று அலமாரியிற் சேர்ந்தபின்னும் அம்முகத்தோடே அத்தோழி பள்ளிக்கு வரவேண்டியவள். திரைப்படம் பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக நிறுத்துகின்றது என லோறா மல்வி 1975இல் எழுப்பிய குற்றச்சாட்டு, வகுப்பறையின் சிறிய ஒளிப்படக் கருவிக்கும் புறம்பானதன்று. வணிகச் சஞ்சிகையின் நட்சத்திரத்திற்கு முகவரும் வழக்கறிஞரும் உளர். பதினாறு வயதுத் தோழிக்கு ஒருவரும் இலர். ஆதலால் இறுதித் தெரிவுக்கு முன் படங்களை அவளிடமே காட்டுதலும், அவள் வேண்டாமென்பதை, எத்துணைச் சிறந்ததாயினும், நீக்கிவிடுதலும் கடமையாம். மாணாக்கர்க்கு இது கசப்பாயிருக்கும். அட்டைக்கு ஏற்ற ஒரே படம் அதுவாகவே இருத்தலுங் கூடும். அப்போது மீண்டுமொருநாள் எடுத்தலே வழி.

முகத்திருத்தமும் இவ்வகையிலே அடங்கும். கணினியிற் பருவை அழித்தல் ஒரு நொடி வேலை. ஒன்றை அழித்தவன் கன்னத்தை மெலிவிப்பான். கன்னத்தை மெலிவித்தவன் இடையிலுங் கைவைப்பான். 2003ஆம் ஆண்டில் ஆடவர் சஞ்சிகையொன்றின் அட்டையிலே தம் உடல் மெலிவிக்கப்பட்டதைக் கண்ட நடிகை கேற் வின்ஸ்லெற், தாம் அவ்வாறு தோன்றுபவரல்லர் என வெளிப்படையாகவே கூறினார். நோர்வே நாடு 2021இல் இயற்றி 2022இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின்படி, உடலின் வடிவோ அளவோ தோலோ திருத்தப்பட்ட விளம்பரப் படங்கள் அதனைக் குறியிட்டு அறிவித்தல் வேண்டும். பருவோடு கூடிய பாடகியைப் பருவோடு கூடிய வாசகி காணுதலில் நட்டம் யாது? ஒளியைச் சாளரத்தின் பக்கத்திலிருந்து மென்மையாக விழச்செய்து எடுத்திருப்பின் பெரும்பாலும் அழிப்பதற்குத் தேவையே எழாது. திருத்தவேண்டிய படத்தைத் தெரிவதினுந் திருத்தவேண்டாத படத்தைத் தெரிதல் நேரத்தையுஞ் சேமிக்கும்.

தெரிந்த படங்களைத் திரையில் மட்டும் பார்த்து அமைதியடைதல் தகாது. அட்டையை உண்மையளவில் அச்சிட்டு, கடையில் வாங்கிய நான்கைந்து சஞ்சிகைகளின் நடுவே சாய்த்துவைத்து, ஐந்தாறு அடி தள்ளிநின்று நோக்குதல் வேண்டும். இயலுமாயின் அச்சஞ்சிகைக்குரிய வயதினரான தங்கை ஒருத்தியை அழைத்து, எதனை எடுப்பாய் என்று கேட்கலாம். அவள் கை எதனை நோக்கி முதலிற் செல்கின்றது என்பதை வாய் திறவாது கவனித்திருந்தாற் போதும். அதன்பின்னும் மேசைமேற் கிடக்கும் எஞ்சிய படங்களை மீண்டுமொருமுறை புரட்டிப் பார்க்கப் பொழுதுண்டு.